பேப்பர் போடு என்கிறீர்கள், எப்படி என்று யார் சொல்லித் தருவது?

புதுச்சேரி கருத்தரங்கு வீடியோவை மறுபடியும் இங்கே பகிர எனக்கு மனமில்லை. பார்க்காதவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். என் ஆய்வுக் கட்டுரையை ஜர்னல் (ஆய்விதழ்) மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டது, என்ன செய்வது என்று ஆய்வு மாணவி ஒருவர் எழுந்து கேட்டார். "சரக்கு இருந்தா எந்த ஜர்னலும் போடும்மா" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பு இரண்டு நாளாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சரக்கு இருந்தால் போட்டுவிடுவார்கள் என்பது உண்மையில்லை. கடலூர் தேவனாம்பட்டினத்திலும் நெய்வேலியைச் சுற்றியும் வருஷக்கணக்கில் களப்பணி செய்கிற பிள்ளைகளிடம் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. அதைக் கட்டுரையாக்கும் வேலையைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஆய்வேட்டின் ஓர் இயல் 15,000 சொல் வரும். "அதையே வெட்டி அனுப்பு" என்கிறார் கைடு (ஆய்வு நெறியாளர்). எங்கே வெட்டுவது? சமூக அறிவியல் ஜர்னல்கள் பல, குறிப்பும் அட்டவணையும் சேர்த்து 8,000 சொல்லுக்குள் கேட்கின்றன. முதலில் போக வேண்டியது, தேர்வாளருக்காக முப்பது பக்கம் எழுதிய முந்தைய ஆய்வுகள் பகுதி. அது மூன்று பக்கமாக வேண்டும். கட்டுரைக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கலாம், அதுவும் முதல் இரண்டு பக்கத்துக்குள் வந்துவிட வேண்டும். 'கடலூர் மாவட்ட மீனவர்களின் சமூகப் பொருளாதார நிலை: ஓர் ஆய்வு' என்று போனால் கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவர் கைக்கே போகாது, ஆசிரியர் மேசையிலேயே திரும்பிவிடும். மீன் கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலை விஷயத்தில் ஒரே சாதி மீனவர்கள் ஏன் இரண்டாகப் பிரிந்தார்கள் என்று அதே தரவை வைத்துக் கேட்டால், அது கட்டுரை. தரவு மாறவில்லை, கேள்விதான் மாறியது. இதைச் சொல்ல ஒரு கைடுக்கு அரை மணி நேரம் போதும்.

மொழிபெயர்ப்பு இன்னொரு குழி. "இன்னைக்குப் பாடு இல்ல" என்று மீனவர் சொன்னதை ஆங்கிலத்தில் 'மீன் கிடைக்கவில்லை' என்று மட்டும் போட்டால், அந்தப் 'பாடு' என்ற சொல்லுக்குள் இருக்கும் உழைப்பும் அன்றைய வருமானமும் காணாமல் போகும். மேற்கோள் தட்டையாக இருக்கிறது என்று ரிவ்யூவர் எழுதுவார். சொல்லை அப்படியே சாய்வெழுத்தில் வைத்து, முதல் முறை வரும்போது ஒரு வரி விளக்கம் கொடுக்க வேண்டும். ஆள் பெயரை மறைத்தால் போதாது என்பதும் இங்கேதான் வரும். சின்னக் குப்பத்தில் 'பஞ்சாயத்துத் தலைவர்' என்று எழுதினாலே யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும்.

"இதெல்லாம் இணையத்தில் இருக்கிறதே" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இருக்கிறது. நீச்சல் பாடமும்தான் இணையத்தில் இருக்கிறது.

"எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?" என்று மூத்தவர்கள் கேட்கிறீர்கள். ஐயா, உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் காலத்தில் வேலைக்கு ஆள் வடிகட்ட இந்தக் கணக்கு இருந்ததா? யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி, பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு அழைக்கும் பட்டியலில் ஒரு கட்டுரைக்கு 2 மதிப்பெண், உச்சம் 10. அந்தப் பத்துக்காகத்தான் இந்தப் பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

"காசு கொடுத்துப் போடுகிறார்களே" என்பதுதான் அதிகம் கேட்கும் குற்றச்சாட்டு. ஆமாம், போடுகிறார்கள். அது தவறு, அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒழுங்கான ஜர்னலில் ரிவ்யூ வரவே பல மாதம் ஆகும். திருத்தம், மறு ரிவ்யூ என்று ஒரு வருஷம் தாண்டுவது சாதாரணம். சினாப்சிஸுக்கு (ஆய்வேட்டுச் சுருக்கம் கொடுக்க) மூன்று மாதம் இருக்கும்போது "பேப்பர் எங்கே?" என்று முதல் முறையாகக் கேட்டால், அந்தப் பிள்ளை வேறு எங்கே போகும்? 48 மணி நேரத்தில் அனுமதி என்று வாட்ஸ்அப்பில் வருகிற இடத்துக்குத்தான் போகும். ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை போட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 முனைவர் பட்ட விதிகளில் யுஜிசி எடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் கேட்கிற இடங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. தரமான ஜர்னல்கள் என்று யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டாயிற்று. எது நல்ல ஜர்னல், எது போலி என்று பிரித்துப் பார்க்கும் பாரம் இப்போது முழுக்க ஸ்காலர் தலையில்.

ஐஎஸ்எஸ்என் எண் இருப்பதால் ஒரு ஜர்னல் நல்லதாகிவிடாது. அது வெறும் அடையாள எண். நல்ல ஜர்னலின் பெயரையும் எண்ணையும் அப்படியே திருடிப் போலித் தளம் நடத்துகிறார்கள். அதனால் மெயிலில் வந்த இணைப்பை நம்பாமல், பதிப்பகத்தின் தளத்துக்கு நேராகப் போய்த் தேடுங்கள். மீன்வளமும் மேலாண்மையும் மருத்துவமும் ஒரே இதழில் வந்தால் விலகிவிடுங்கள். கட்டணமே வாங்காத நல்ல இதழ்கள் நிறைய இருக்கின்றன. பணம் கட்டினால்தான் கட்டுரை வரும் என்ற எண்ணத்தை இந்தப் பிள்ளைகள் மனதில் விதைத்தது யார்? நாம்தான். பேப்பர் போடு, பேப்பர் போடு என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். ஒரு நாள்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. கட்டுரை வந்ததும் நம் பெயரை முதலில் போடச் சொல்ல மட்டும் தெரிந்தது.

இதை எழுதும்போது கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருக்கிறது. அந்தப் பெண் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்தது வீடியோவில் தெரிகிறது.

தங்கச்சி, இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். மூன்று மறுப்புக் கடிதங்களையும் எடுத்துப் பாருங்கள். சில நாளிலேயே வந்த மறுப்பு என்றால் இதழ்த் தேர்வு தவறாக இருக்கலாம். அந்த இதழின் கடைசி இரண்டு வருஷக் கட்டுரைகளைப் படித்து, உங்கள் கட்டுரை அங்கே உட்காருமா என்று பாருங்கள். ரிவ்யூவர் கருத்தோடு வந்திருந்தால் அது புதையல். ஒவ்வொரு கருத்தையும் இடது பக்கம் எழுதி, அதற்கு என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில் என்று வலது பக்கம் எழுதுங்கள். ஒத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் எழுதுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் கடற்கரைச் சாலையில் காந்தி சிலை பக்கம் இருப்பேன். அச்செடுத்துக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.