ஹீட்டர் இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் சாமி

நேற்று ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு கிரேக்க நாட்டின் கிரீட் தீவிலிருந்து ஒரு போட்டோ வந்தது. கம்பளி. நாலாக மடித்து, கட்டில் மேல் வைத்து, ஃப்ளாஷ் போட்டு எடுத்த ஒரு பழுப்புக் கம்பளி. கூடவே சிரிக்கிற பொம்மை ஒன்று. பிப்ரவரி விடுமுறைக்கு அங்கே நாங்கள் பிடித்திருக்கிற வாடகை வீட்டில் ஹீட்டர் வேலை செய்யுமா என்று வீட்டுக்காரரிடம் பன்னிரண்டு நாளாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அதுதான் பதிலாம்.

இந்தப் பாவத்தை ஆரம்பித்துவைத்தது யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மச்சான். ஆகஸ்டில் கொல்லைப்புறத்தில் கோழி சுட்டுக்கொண்டே, "மாப்ள, ஜூலையில கூட்டத்தோட கூட்டமா போறவன் எல்லாம் ஏமாளி. சீசன் இல்லாதப்ப போகணும். பாதிக் காசு, ஈ காக்கா இருக்காது" என்றார். ஈ காக்கா இல்லாததை அவர் லாபக் கணக்கில் சேர்த்தபோதே நான் எழுந்து வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டாவது காலைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

பாதிக் காசாம். லண்டனில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வைத்திருப்பவனுக்கு ஏதய்யா சீசன் இல்லாத காலம்? நினைத்த வாரத்தில் கூட்டிப்போனால் பிள்ளைக்கு ஒன்று, அப்பா அம்மாவில் ஆளுக்கு ஒன்று என்று 80 பவுண்ட் அபராதம். இரண்டு பிள்ளை, இரண்டு பெற்றோர், பெருக்கிக்கொள்ளுங்கள். மூன்று வாரத்துக்குள் கட்டாவிட்டால் அதுவும் இரட்டிப்பு. ஆக, பிப்ரவரியில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாரம் விடுகிற ஹாஃப் டெர்ம் லீவு ஒன்றுதான் கதி. அந்த வாரம் கிரீட் தீவுக்கு ஆஃப் சீசன், விமானக் கம்பெனிக்குத் தீபாவளி. அறை வாடகையில் மிச்சம் பிடித்ததை டிக்கெட்டில் மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். எட்டுப் பேர், எட்டும் ஐந்து பைசா திரும்ப வராத டிக்கெட். நான் தேடிய தேதியில் நேரடி விமானம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் ஏதென்ஸ் வழி, அங்கே ஐந்து மணி நேரம் உட்கார வேண்டும். "ஏதென்ஸ் துறைமுகம் பிரேயஸ்ல இருந்து ராத்திரிக் கப்பல் இருக்கே, படுத்துத் தூங்கினா விடியறப்ப கிரீட்ல ஹானியா" என்று மச்சான் ஒரு யோசனை சொன்னார். இருக்கிறது, குளிர்காலத்திலும் ஓடுகிறது. காற்று மிஞ்சினால் கப்பலைத் துறைமுகத்திலேயே கட்டிப்போட்டுவிடுவார்கள் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. கிரேக்கர்கள் அதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், அபகோரெஃப்திகோ. சொல்லிப் பாருங்கள், கப்பல் ஏறாமலே குமட்டும்.

சரி, எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டோம் என்றே வையுங்கள், என்ன பார்ப்பது? சமரியா மலையிடுக்கு, 16 கிலோமீட்டர் நடை, நான் ஆசைப்பட்டது அதற்குத்தான். மே மாதம் திறந்து அக்டோபர் கடைசியில் மூடிவிடுகிறார்கள், மழைக்காலத்தில் வெள்ளம் வரும், கல் உருளும், நியாயம். பாலோஸ் கடற்கரைக்குப் போகிற படகு கோடைக்கு மட்டும். 1957 வரை தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த ஸ்பினாலோங்கா தீவு, அதுவும் கோடைக்கு. க்னோஸோஸ் அரண்மனை திறந்திருக்கும், ஆனால் சீக்கிரம் மூடுவார்கள். கடல்நீர் 16 டிகிரி வாக்கில். என் மகன் நீச்சல் கண்ணாடி வாங்கி வைத்துவிட்டான், அதை மாட்டிக்கொண்டுதான் ஹோம்வொர்க் செய்கிறான்.

இதற்கெல்லாம் எனக்குக் கோபம் இல்லை. மூடினால் மூடினதுதான். "மூடியிருக்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டேன் என்கிறார்களே, அதற்குத்தான். ஒருவர் விடாமல் 'ஆண்டு முழுவதும்' என்று போடுகிறார்கள். எழுதிக் கேட்டால் பதில் வருகிறது, உற்சாகமாக வருகிறது, கேட்டதற்கு மட்டும் வருவதில்லை.

வீட்டுக்காரர் கதைக்கு வருகிறேன். ஹானியா பழைய ஊரிலிருந்து பத்து நிமிஷ நடை, நாலு மாடிக் கட்டடம், மூன்றாவது மாடி. விளம்பரத்தில் ஹீட்டிங் என்ற இடத்தில் டிக். எனக்கு இந்த டிக் மேல் நம்பிக்கை கிடையாது, அதனால் மரியாதையாக ஒரு வரி எழுதினேன்: பிப்ரவரியில் வருகிறோம், ஹீட்டிங் வேலை செய்யுமா?

இரண்டு நாள் கழித்துப் பதில். "கிரீட்டில் வருஷத்துக்கு முந்நூறு நாள் வெயில்!"

மீதி அறுபத்தைந்து நாள் எந்த மாசத்தில் வரும் என்று தட்டிவிட்டேன். மனைவி பிடுங்கி அழித்துவிட்டாள். மறுபடியும் மரியாதையாக, வீட்டைச் சூடாக்க என்ன இருக்கிறது என்று கேட்டோம்.

"ஏசி இருக்கிறது."

ஏசி சூடாக்குமா?

"ஏசி புதுசு."

புதுசு, மிக்க மகிழ்ச்சி. சூடாக்குமா?

"ரிமோட்டில் சூரியன் படம் இருக்கிறது."

அந்தச் சூரியனை அமுக்கினால் என்ன வரும்?

மூன்று நாள் மௌனம். இதற்கு நடுவில் மச்சான் வேறு தினமும் போன் செய்து, "என்ன மாப்ள, ஒரு சின்ன விஷயத்தக் கேட்டு வாங்க முடியலையா?" நாலாம் நாள் வீட்டுக்காரரின் தம்பி முறை ஒருவர் எழுதினார். அண்ணன் ஆலிவ் அறுவடையில் இருக்கிறாராம், இனி எது வேண்டுமானாலும் தம்பியைக் கேட்கலாமாம். தம்பி நல்ல மனிதர். அதுதான் பிரச்சினை, ஒன்று விடாமல் விளக்கினார். கட்டடத்தில் ரேடியேட்டர் உண்டு. கீழே பாய்லர் உண்டு. பாய்லருக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும். எண்ணெய் எல்லாக் குடித்தனமும் சேர்ந்து வாங்க வேண்டும். 2012இல் அரசாங்கம் ஹீட்டிங் எண்ணெய் மேல் வரியை ஏற்றியதிலிருந்து கிரீஸ் முழுக்கப் பல கட்டடங்களில் ஒருவர் கட்டுவேன், இன்னொருவர் மாட்டேன் என்று பாய்லரே படுத்துவிட்டதாம். நான் பொறுமையாகத்தான் கேட்டேன்: உங்கள் கட்டடத்தில் எண்ணெய் இருக்கிறதா?

"அதைக் கூட்டம் போட்டு முடிவு செய்வார்கள்."

கூட்டம் எப்போது?

"நடந்துவிட்டது."

என்ன முடிவு?

"சண்டை போட்டார்கள்."

சென்னையில் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் லிஃப்ட் ரிப்பேருக்கு நடக்கிற கூட்டம் அப்படியே கண்முன் வந்தது. அந்த நிமிஷம் எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. ஆனால் பாசத்தை வைத்துக் குளிர் காய முடியாதே.

அடுத்தது வெந்நீர். கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன். மொட்டை மாடியில் சூரிய வெந்நீர்த் தொட்டி, அந்த ஊரில் மாடிக்கு மாடி இருக்கிறது. வெயில் அடித்தால் வெந்நீர். மேகமாக இருந்தால்? "கவலை வேண்டாம், ஸ்விட்ச் இருக்கிறது." எங்கே? "ஃப்யூஸ் பெட்டிக்குள்." குளிப்பதற்கு அரை மணி முன்னால் போட வேண்டும், மறக்காமல் அணைக்க வேண்டும், அது ஓடும்போது அடுப்பும் ஏசியும் சேர்த்துப் போடாமல் இருப்பது நல்லது. அதாவது, சூரியன் படத்தை அமுக்கினால் வெந்நீர் இல்லை, வெந்நீர் வேண்டுமென்றால் சூரியன் இல்லை. எட்டுப் பேர் குளிக்க எவ்வளவு நேரமாகும் என்றதற்கு, "எட்டுப் பேரும் ஒரே நாளிலா?" என்று கேட்டார்.

அதன் பிறகு நான் எழுதிய கடைசிச் செய்திதான் நேற்று எழுதியது. ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று. வீடு சூடாக இருக்குமா?

கம்பளி வந்தது.

போனை அப்படியே மனைவியிடம் நீட்டினேன். பார்த்தாள், பெரிதாக்கிப் பார்த்தாள், "இது ஊட்டியில நமக்குக் குடுத்த அதே கம்பளிங்க, அந்தச் சுருட்டு வாசம் இங்க வரைக்கும் வருது" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. நானும்தான் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது, அதுவும் ஐந்து பைசா திரும்ப வராத சிரிப்புதான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியில் எட்டுப் பேருக்கும் தெர்மல் வைக்க எவ்வளவு எடை வரும் என்று கணக்குப் போட உட்கார்ந்தோம். அப்போது மச்சானிடமிருந்து செய்தி: "மாப்ள, ரொம்ப யோசிக்காத. பேசாம டெனெரிஃப் போயிருக்கலாம்ல?"

டெனெரிஃப், குளிர்காலத்திலும் வெயில் அடிக்கிற ஸ்பெயின் தீவு. போயிருக்கலாம்ல. ஆகஸ்டில் கோழி சுட்டாரே, அந்த அடுப்பு என்னுடையது. ஒரு நாளைக்கு என்று வாங்கிக்கொண்டு போனார். கரி மூட்டையோடு. இன்றுவரை வரவில்லை.