புள்ளிக்குப் பின்னாலும் காசு இருக்கிறது

காசிமேட்டில் மீன் விற்பவர்களுக்காக யாரோ எழுதிய பில்லிங் மென்பொருளைப் பார்த்துத் தரச் சொன்னார்கள். திறந்ததும் வயிறு எரிந்தது. எடையைச் சேமிக்கும் இடத்துக்கு வெறும் 'டெசிமல்' (தசம எண் வகை) என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் அப்படி விட்டால் (10,0) என்று, அதாவது மொத்தம் பத்து இலக்கம், அதில் புள்ளிக்குப் பின்னால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். புள்ளிக்குப் பின்னால் ஒன்றும் நிற்காது. தராசு 1.750 கிலோ வஞ்சிரம் என்கிறது, டேபிளில் 2 என்று ஏறுகிறது. கிலோ 800 ரூபாய் என்றால் 1,400 வர வேண்டிய பில் 1,600! வாங்குகிறவர் சும்மா விடுவாரா? கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அக்காதான் பேச்சு வாங்க வேண்டும். 1.250 வந்தால் 1 ஆகிவிடும், அப்போது நஷ்டமும் அவருக்குத்தான்.

சரி, விலையாவது ஒழுங்கா என்றால் அது ஃப்ளோட், எண்ணைத் தோராயமாகச் சேமிக்கும் வகை. 0.1-ஐக் கணினியின் இரும எண்ணில் (0, 1 மட்டும் உள்ள முறையில்) துல்லியமாக எழுதவே முடியாதே, அதில் போய்க் காசை வைக்கலாமா? பில்கள் சேரச் சேரக் கூட்டுத்தொகை இடிக்கும்.

எடைக்கு டெசிமல்(10,3), விலைக்கு டெசிமல்(10,2). இரண்டு எண் எழுத அவ்வளவு சோம்பலா? இதற்குப் பிழைச் செய்தியும் வராது, பேசாமல் வட்டமாக்கிவிடும். இப்போது டேபிளில் அந்தப் பத்தியின் (column) வகையை மாற்றிக் கொடுத்துவிடலாம். ஆனால் ஏற்கெனவே ஏறிய 2 எல்லாம் 2.000 ஆகுமே தவிர, 1.750 ஆகாது.