கும்பகர்ணனைத் திட்டாதீர்கள்

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் பகலில் ஒருவன் கண் அசந்தால் போதும், உடனே அவன் கும்பகர்ணன். என் தம்பி ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து காலையில்தான் படுக்கிறான், பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து "என்னடா கும்பகர்ணா, இன்னும் எழுந்திருக்கலையா?" என்கிறார். பற்றிக்கொண்டு வருகிறது. தம்பிக்காக மட்டும் இல்லை, கும்பகர்ணனுக்காகவும்தான்.

அவன் தூங்கியது வரத்தால் வந்த வினை. கம்பராமாயணத்தில் அவனை எழுப்பிக் கூட்டிவந்ததும் அண்ணனிடம் அவன் சொன்ன புத்தியே சீதையை விட்டுவிடு என்பதுதான். ராவணன் கேட்கவில்லை. நியாயம் அந்தப் பக்கம் என்று தெரிந்தும், விபீஷணனே நேரில் வந்து கூப்பிட்டும், இத்தனை நாள் வளர்த்தவனை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று போய் உயிரை விட்டான். அவ்வளவு பெரிய மனுஷன், நமக்கு மிச்சம் குறட்டை மட்டும்! அதுவும் வருஷா வருஷம் கம்பன் விழா நடக்கிற புதுச்சேரியில்.

கதைப்பெயர் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. பிரெஞ்சில் நரிக்கு முன்பு வேறு சொல் இருந்தது, இடைக்காலக் கதைகளில் வந்த ரெனார் என்கிற நரி அதைத் துரத்திவிட்டு, இங்கே பிரெஞ்சு படிக்கிற பிள்ளைகளுக்கும் நரி என்றால் ரெனார்தான். சரி, அது கதையிலும் தந்திரக்கார நரி, அநியாயம் ஒன்றும் இல்லை. சகுனியும் அப்படியே, தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்று பழமொழியை வைத்துக்கொண்டே, கோள் மூட்டிக் குடும்பத்தைப் பிரிக்கிறவனை எல்லாம் நாரதர் என்கிறார்களே, அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.