மக்காச்சோளம் வந்தது, அதன் பக்குவம் வரவில்லை

போன ஆடியில் புதுச்சேரியிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். வேப்பூருக்கு மேற்கே எங்கள் ஊர். மாசியில் கிணற்றுப் பாசனத்தில் போட்ட மக்காச்சோளத்தை அறுத்து, விலை கொஞ்சம் ஏறட்டும் என்று திண்ணை முழுக்க மூட்டை அடுக்கி வைத்திருந்தார் அப்பா. உட்கார இடமில்லை. அந்த வாரம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற வேண்டும். அம்மா என்னிடம் பணத்தைக் கொடுத்து, "விருத்தாசலம் போறப்ப ரெண்டு கிலோ கம்பு வாங்கியாந்துடுப்பா" என்றார்.

திண்ணை கொள்ளாத தானியம் வீட்டில். சாமிக்குக் கூழ் காய்ச்சத் தானியம் கடையில். அன்றிலிருந்து இது மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

கம்பையும் வரகையும் விட்டது அப்பாவின் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கம்பங்கொல்லைக்குப் பரண் கட்டி, விடியலில் ஏறி நின்று குருவி ஓட்டியவர் அவர். வரகை இடித்துத் தோல் நீக்கி அரிசியாக்குவதற்குள் ஆயாவின் தோள்பட்டை இறங்கிவிடும். மக்காச்சோளத்தில் அந்தப் பாடு இல்லை. மட்டை மூடியிருப்பதால் குருவித் தொல்லை குறைவு, அடிக்க மிஷின் இருக்கிறது, வியாபாரி வீட்டு வாசலுக்கே லாரி கொண்டுவருகிறார். அங்கிருந்து நாமக்கல் பக்கம் கோழித் தீவனத்துக்குப் போகிறது. வேப்பூர், மங்களூர், திட்டக்குடி, அந்தப் பக்கம் பெரம்பலூர் வரை மானாவாரிக் கொல்லைகளில் இதுதான் கதை. பிழைப்பு நடக்கிறது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

என் வருத்தம் வேறு. இத்தனை வருஷமாக விளைவிக்கிறோம், இந்தத் தானியத்துக்கு எங்கள் அடுப்படியில் ஒரு சட்டிகூட இல்லை. ஆயாவுக்குச் சோளம் என்றால் வெள்ளைச் சோளம்தான். அதில் அவர் களி கிண்டுவார், அடை தட்டுவார், பொரி பொரிப்பார். மக்காச்சோளத்தைப் பற்றிக் கேட்டால் "அது கோழிக்குப் போறதுப்பா" என்று முடித்துவிடுவார்.

வெளியூர்ப் பயிர் என்பதால் ஒட்டவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, எங்கிருந்து வந்தது? தென் அமெரிக்காவில் பிறந்து, மணிலா வழியாக வந்ததால் மணிலாக்கொட்டை ஆகி, நம் வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆனது. இன்று பச்சை மல்லாட்டையை அவித்துத் தின்னாத வீடு கடலூர் மாவட்டத்தில் உண்டா? பண்ருட்டி முந்திரி போர்த்துகீசியர் காலத்தில் பிரேசிலிலிருந்து வந்தது. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான், அது இல்லாமல் நமக்கு மோர் மிளகாய் ஏது? விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் மல்லாட்டையிலும் முந்திரியிலும் வி.ஆர்.ஐ. என்று நம் ஊர்ப் பெயரிலேயே ரகங்கள் கொடுத்தது. வந்தவையெல்லாம் சொந்தமாகின. மக்காச்சோளம் மட்டும் இன்னும் திண்ணையிலேயே நிற்கிறது.

ஏன் என்று தேடிப் படித்தபோது கிடைத்ததைத்தான் எழுத நினைத்தேன்.

மக்காச்சோளத்தின் தாய்வீடு மெக்சிகோவின் தெற்குப் பக்கம், பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் தியோசிந்தே என்ற காட்டுப் புல்லிலிருந்து அதைப் பழக்கி எடுத்தார்கள். அந்த ஊர்ப் பெண்கள் காய்ந்த மக்காச்சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் தோல் போகக் கழுவி, கல்லில் அரைக்கிறார்கள். இப்படிப் பக்குவப்படுத்திய மக்காச்சோளத்துக்கு நிக்ஸ்தமல் என்று பெயர். அவர்களின் நவாட்டில் மொழியில் சாம்பல், மாவு என்ற இரண்டு சொற்கள் சேர்ந்த பெயர் அது. அந்த மாவில் ரொட்டி தட்டுவார்கள். கரைத்துக் காய்ச்சினால் அத்தோலே, அதாவது கூழ். கதிரின் மட்டையை ஊறவைத்து, அதில் மாவைப் பரப்பி, உள்ளே கறியோ காயோ வைத்து மடித்து ஆவியில் அவித்தால் தமால். பூவரசு இலையில் நாம் தட்டும் கொழுக்கட்டைக்கு அது ஒன்றுவிட்ட தங்கை.

அங்கே எதுவும் வீணில்லை. வட அமெரிக்காவின் ஹோடனோசோனி பழங்குடி மக்கள் மட்டையில் பொம்மை செய்வார்கள், முகம் மட்டும் வரைய மாட்டார்கள். தன் அழகைத் தண்ணீரில் பார்த்து மயங்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மறந்த பொம்மையின் முகம் பறிக்கப்பட்டதாக ஒரு கதை அவர்களிடம் உண்டு. மட்டையைத் திணித்து மெத்தை தைத்தார்கள், பின்னிக் கால்மிதி செய்தார்கள். மணி உதிர்ந்த கட்டையில் புகைக்குழாய் கடைவதற்கென்றே மிசூரி மாநிலத்து வாஷிங்டன் என்ற சிற்றூரில் 1869 முதல் ஒரு தொழில் நடக்கிறது. கொல்லையிலும் அது தனியாக நிற்காது. ஹோடனோசோனி மக்கள் மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே மண்மேட்டில் சேர்த்து விதைத்து மூன்று சகோதரிகள் என்றார்கள். தட்டையில் அவரை ஏறும், பூசணி இலை தரையை மூடும்.

1492-க்குப் பிறகு அந்த விதை கடல் தாண்டியது. சுண்ணாம்பு தாண்டவில்லை. விதையை எடுத்துப் போனவர்களுக்கு அந்தப் பெண்களின் அடுப்படி வேலை தேவையில்லாத சடங்காகப் பட்டிருக்க வேண்டும். விளைவு கொடுமையானது. மக்காச்சோளத்தை மட்டுமே தின்று பிழைத்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு போனது, புத்தி தடுமாறியது, பலர் செத்தார்கள். 1735-இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காஸ்பார் கசால் அந்த நோயைப் பார்த்து எழுதினார். இத்தாலியில் பெல்லாக்ரா, கரடுதட்டிய தோல், என்று பெயர் வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அது பரவியபோது தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். சாப்பாட்டுக் குறைதான் காரணம் என்று அமெரிக்க மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் நிரூபித்தார். குறைந்த சத்து நியாசின் என்பது 1937-இல் தெரிந்தது. மக்காச்சோளத்தில் நியாசின் இருக்கிறது, ஆனால் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. அந்தக் கட்டை அவிழ்ப்பது சுண்ணாம்பு. ஆய்வுக்கூடம் இருநூறு வருஷம் கழித்துக் கண்டதை மெக்சிகோக் கிழவிகள் ஆயிரக்கணக்கான வருஷமாகக் கையில் வைத்திருந்தார்கள். இதைப் படித்த இரவு எனக்கு ஆயா நினைப்புதான்.

நம் ஊரில் யாருக்கும் மக்காச்சோளத்தால் அந்த நோய் வராது. நாம் அதைச் சோறாகத் தின்பதில்லை. ஆனால் நமக்கும் அது பக்குவம் இல்லாமல்தான் வந்தது. கூட வந்தவை விதைப் பாக்கெட், உரக் கணக்கு, களைக்கு அட்ரசின். அட்ரசின் அடித்த கொல்லையில் அவரையும் பூசணியும் எழாது. மற்ற இரண்டு சகோதரிகளும் அங்கேயே பட்டுப்போனார்கள். 2018-இல் கர்நாடகத்தில் முதலில் தெரிந்த படைப்புழு அதே வருஷம் எங்கள் பக்கமும் இறங்கியது. ஒரே பயிராக நின்ற கொல்லைகள் சல்லடையாகின. அப்போது வேளாண் துறையினர் சொன்ன ஒரு வழி, ஒன்பது பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து குருத்தில் போடுவது. அப்பா போட்டார். குருத்துக்குள் போன சுண்ணாம்பு அடுப்படிக்கு வரவில்லையே என்று இப்போது தோன்றுகிறது.

சுண்ணாம்பு நமக்குப் புதிதா? கடற்கரையில் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த நாடு இது. ஆயாவின் வெற்றிலைச் சுண்ணாம்புக் கரண்டகம் இன்னும் சுவர்ப் பிறையில் இருக்கிறது.

அம்மாவிடம் சொன்னதும், "வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பையா சோத்துல போடச் சொல்ற?" என்று முறைத்தார். முதலில் சுண்ணாம்பு இல்லாமல் ஊறவைத்து அரைத்துப் பார்த்தோம். மாவு பிளந்தது, கல்லில் தட்டினால் விரிசல். "ஒட்டு இல்லடா" என்றார் அம்மா. மறுநாள் சுண்ணாம்பு போட்டு வேகவைத்தோம். மணி இன்னும் ஆழ்ந்த மஞ்சளானது. பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரின் வாசம் லேசாக வீட்டில் சுற்றியது. காலையில் கையால் கசக்கியதும் ஊறிய உளுந்துத் தோல் போலத் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. அரைத்த மாவு உருட்டினால் உருண்டது, தட்டினால் பிளக்கவில்லை. கொஞ்சம் மாவை நொய்யோடு சேர்த்துக் கூழ் காய்ச்சி, மறுநாள் மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயமும் கருவாட்டுக் குழம்பும் வைத்துக்கொண்டு குடித்தோம். கம்பங்கூழ் மாதிரி இல்லை. இருக்கவும் வேண்டாம். இனிப்பும் ஒரு மண்வாசமும் கலந்த தனி ருசி. அப்பா இரண்டாவது சொம்பு கேட்டார். மிச்ச மாவில் வெல்லப் பூரணம் வைத்து, பூவரசு இலைக்குப் பதில் மட்டையில் மடித்து அவித்தோம். மட்டையின் வாசம் பூரணம் வரை இறங்கியிருந்தது.

மட்டையைப் பற்றி இன்னொன்று. அறுப்பு முடிந்ததும் கொல்லை ஓரத்தில் அதைக் குவித்துக் கொளுத்துகிறோம். திருக்கனூரில் காகிதக்கூழில் பொம்மை செய்யும் கைகளுக்கும் வில்லியனூர்ச் சுடுமண் கைகளுக்கும் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பண்ருட்டிப் பொம்மை இல்லாத கொலு இந்தப் பக்கம் குறைவு. இத்தனை தேர்ந்த கைகள் இரண்டு மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கும்போது ஒரு மூட்டை மட்டையை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்க நமக்குத் தோன்றவில்லை. வரும் அறுப்பில் நான் கொண்டுபோகிறேன்.

புதுச்சேரி கடற்கரையில் தணலில் வாட்டி, எலுமிச்சையில் மிளகாய்ப் பொடி தொட்டுத் தேய்த்துக் கொடுக்கிறார்களே, அதைச் சாப்பிடத்தானே செய்கிறோம் என்று கேட்கலாம். அது இளங்கதிர், பால் பிடித்த பருவம். நான் பேசுவது முற்றிக் காய்ந்த தானியத்தைப் பற்றி, வருஷம் முழுக்க வைத்துச் சமைக்கக்கூடியதைப் பற்றி.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு அளவு சொல்கிறேன். காய்ந்த மக்காச்சோளம் 1 கிலோ, தண்ணீர் 3 லிட்டர், வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு 10 கிராம். வாசனையோ நிறமோ சேர்த்தது வேண்டாம், சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு கூடவே கூடாது. விதைக்காக மருந்து கலந்த மக்காச்சோளத்தைத் தொடவே வேண்டாம். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்கும், எவர்சில்வரில் வையுங்கள். முக்கால் மணி நேரம் மெல்லிய தீயில் வெந்ததும் மூடி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் மூன்று நான்கு தண்ணீர் மாற்றிக் கசக்கிக் கழுவி, தோல் நீக்கி, கிரைண்டரில் தண்ணீர் குறைவாகத் தெளித்து அரையுங்கள். மட்டை வேண்டுமென்றால் உள்மட்டையாக எடுத்துக் காயவைத்து, மடிப்பதற்கு முன் வெந்நீரில் அரை மணி நேரம் போடுங்கள்.