முத்திரை மட்டும் போதாது
பழைய மடக்குக்கத்தி வாங்குவோர் அலகின் அடியிலுள்ள நிறுவன முத்திரையைச் சரிபார்த்தால் போதும் என்று ஒரு கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் கேஸ் (Case) என்ற கத்தி நிறுவனம் 1970-இல் முத்திரையின் கீழ் பத்துப் புள்ளிகளை இட்டு, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்து, 1979-இல் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்தது. புள்ளிகளை எண்ணித் தயாரித்த ஆண்டை அறியும் இந்தக் கணக்கு போலி செய்வோருக்கும் தெரியும். பழைய முத்திரையை அரத்தால் ராவிவிட்டுப் புதிதாக அடித்திருந்தால் அந்த இடம் மெலிந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், அலகின் அடிக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே மயிரிழை போன்ற இடைவெளி தெரியும். கேஸ் கத்தியின் மாதிரி எண்ணையும் (model number) அவசியம் பாருங்கள். 6254 என்பதில் 6 பொதுவாக எலும்புப் பிடியையும், 2 இரண்டு அலகுகளையும் குறிக்கும். அந்தக் காலக் கத்தியில் இவ்வெண்ணோடு மான்கொம்புப் பிடி இருந்தால், பிடி மாற்றப்பட்டதா என்று விற்பவரிடம் தெளிவாகக் கேட்காமல் தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள்.