ஒண்ணு போய் ஏழு வந்துச்சு

கடல் மீன் தொட்டிக்கு உயிர்ப்பாறை (குட்டி உயிரிங்க ஒட்டியிருக்கிற கடல் பாறை) வாங்கினா, கூடவே ஒரு சனியனும் இலவசமா வரும். பேரு ஐப்டேசியா, பாறையில ஒட்டி வளர்ற கடல் சாமந்தி (sea anemone) வகை. செடி இல்ல, பிராணி. பழுப்பு நிறத்துல குட்டிப் பனைமரம் மாதிரி இருக்கேன்னு முதல் நாள் நின்னு ரசிச்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

அடுத்த மாசமே பக்கத்துல இருந்த பவளத்தைக் கொட்டிச் சுருங்க வச்சிருச்சு. கோவத்துல இடுக்கியால பிச்சு எறிஞ்சேன். அதான் பெரிய தப்பு. பாதத்துல ஒரு துணுக்கு பாறையில ஒட்டியிருந்தா போதும், அதுவே முழுசா இன்னொண்ணா வளந்துடும். ஒண்ணு இருந்த இடத்துல இப்ப ஏழு.

சரின்னு சுண்ணாம்பைக் கூழாக் கரைச்சு சிரிஞ்சுல ஏத்தி, அதோட வாயில விடப் போனேன். வெத்தலைக்குத் தடவுற அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். ஊசி லேசாத் தொட்டா போதும், பொந்துக்குள்ள இழுத்துக்குது. கண்ணும் இல்ல மூளையும் இல்ல, உஷார் மட்டும் எங்கிருந்து வருதோ! சுண்ணாம்பை அள்ளிக் கொட்டவும் முடியாது, தண்ணியோட பிஎச் எகிறிடும்.

பெப்பர்மின்ட் இறால் இதைத் தின்னும்னாங்க. கடைக்காரர் பிடிச்சுக் கொடுத்தது ஒட்டக இறால். ரெண்டும் சிவப்பு வரிதான், எனக்கு வித்தியாசம் தெரியல. அது ஐப்டேசியாவை விட்டுட்டு என் பவளத்தைக் கொறிக்குது.

பெர்கியான்னு ஓடில்லாத கடல் நத்தை ஒண்ணு இருக்கு. ஐப்டேசியாவை மட்டும்தான் தின்னும், அது தீந்தா பட்டினியில செத்துடும். பாவம்தான். ஆனா என் தொட்டியில அதுக்குச் சாப்பாட்டுப் பஞ்சமே வராது. நேத்து ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தேன், பம்புக்குப் பின்னாடி இன்னும் நாலு.