டாக்டர் கிறீன் பற்றி ஒரு திருத்தம்

அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்துக்கு வந்த நாள் முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், மருத்துவ நூல்கள் அத்தனையையும் தனி ஆளாக மொழிபெயர்த்தார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் சரியில்லை.

கிறீன் 1847-இல் வந்தார். யாழ்ப்பாணத்தை அடுத்த மானிப்பாயில் முதலில் மாணவர்களுக்கு ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். தமிழுக்கு மாறியது 1864-இல், அமெரிக்கா போய்த் திரும்பிய பிறகு. காரணத்தை அவருடைய கடிதங்களைப் படித்தால் புரிந்துகொள்ளலாம். ஆங்கிலத்தில் படித்தவர்கள் சம்பளம் அதிகமுள்ள அரசு வேலைகளைத் தேடி வெளியே போய்விட்டார்கள். ஊரிலேயே தங்கி ஊர்மக்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்கள்தான் அவருக்கு வேண்டும். இத்தனை வருட அனுபவத்தில் வந்த முடிவை முதல் நாளே எடுத்த முடிவாகச் சொன்னால் அந்த மனிதரின் உழைப்பே மறைந்துபோகும்.

நூல்கள் விஷயமும் அப்படித்தான். சிலவற்றை அவரே செய்தார். ஆனால் பெரிய நூல்கள் சிலவற்றில் அவருடைய தமிழ் மாணவர்களின் கை இருக்கிறது. அவர் சரிபார்த்துத் திருத்தினார். 1873-இல் நாடு திரும்பிய பிறகும் மசாசூசெட்ஸின் வூஸ்டரிலிருந்து 1884-இல் இறக்கும்வரை நூல் வேலையை விடவில்லை. அவரைப் புகழுங்கள், தாராளமாக. அப்புறம் அந்த மாணவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.